லோரன்ஸ் அண்ணை விற்ற பிஸ்டல்

நல்ல சாமானை ஒரு மனிசன் சும்மா விற்பானா? சுஜனின் மண்டையைப் போட்டு அரித்துக்கொண்டிருந்த கேள்வி இதுதான். வேறு ஆளென்றால் வாங்கியதைக் கொண்டுபோய் வைத்துவிட்டுத் தன் பாட்டைப் பார்த்திருப்பான். சுஜன் அப்படியான பிறவி இல்லை. கடையில் மாம்பழம் வாங்கினால் ஒவ்வொன்றாய் மணந்து பார்ப்பான், பிறகு கடைக்காரனின் முகத்தையும் ஒருக்கால் பார்ப்பான்.

விற்றவர் லோரன்ஸ் அண்ணை. டென்மார்க்கில், பிரெடெரிசியா நகரத்தில் பஸ் ஓடின லோரன்ஸ் என்றால் எங்கட சனத்தில் தெரியாத ஆள் கிடையாது. சுஜன் வந்து இறங்கிய முதல் குளிருக்கு ஜக்கெட் வாங்கிக் கொடுத்தவர். மூத்த பிள்ளை பிறக்கிற நேரம், சுஜன் தொழிற்சாலையில் நிற்க, அவன் மனைவி கஜந்தியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டோடினவரும் அவர்தான். தன் மனைவி மேரிசெலின் காலமான பிறகு மனிசன் பஸ்ஸையும் விட்டுவிட்டு வீட்டோடு ஒதுங்கிவிட்டார்.

விற்ற சாமான், ஒன்பது மில்லிமீற்றர் பிஸ்டல். ஐயோ, பயந்துவிடாதீர்கள். இங்கே அது ஒழுங்காக நடக்கிற ஒரு விளையாட்டு. சுடுகிற கிளப்பில் சேர்ந்து, வருசக்கணக்காய்க் கிளப்பின் துவக்கால் சுட்டுப் பழகி, கிளப் தலைவர் சம்மதித்து, பொலிஸ் தோண்டித் துருவிப் பார்த்து ஓம் என்ற பிறகுதான் ஒருவன் சொந்தமாய் ஒன்று வாங்கலாம். வாங்கினாலும் இரும்பு அலுமாரியில் பூட்டி வைக்க வேண்டும். திறப்பு அவன் ஒருவனின் கையில்தான் இருக்க வேண்டும்.

ஊரில் வெடிச்சத்தம் கேட்டால் மேசைக்குக் கீழே பூந்து வளர்ந்தவன் சுஜன். கடதாசியில் மட்டும் ஓட்டை போடுகிற துவக்கு அவனுக்குப் புதினமாகவும் இருந்தது, மனதுக்கு ஒரு ஆறுதலாகவும் இருந்தது. கிளப்பில் தமிழர் இரண்டே பேர், அவனும் லோரன்ஸ் அண்ணையும். கிளப் பிஸ்டலை நாலு பேர் மாறி மாறிப் பிடிக்கிறதால் ஒருநாளும் கைக்குப் பழகாது. வசந்தகாலப் போட்டிக்குச் சொந்தமாய் ஒன்று இருந்தால் நல்லது என்று அவன் ஒருநாள் வாய்விட, லோரன்ஸ் அண்ணை தலையை நிமிர்த்தாமலே சொன்னார்:

"என்ரயை எடு, தம்பி."

அவ்வளவுதான். பேரம் இல்லை, யோசிக்கிறதும் இல்லை. பொலிஸ் அனுமதி வருகிற வரைக்கும் மனிசன் கிழமைக்கு இரண்டு தரம் ரெலிபோன் எடுத்து, "வந்திட்டுதோ, வந்திட்டுதோ" என்று கேட்டுக்கொண்டிருந்தார். வந்த அன்றைக்கே பிஸ்டல், மகசின், துடைக்கிற சாமான்கள், காதுமூடி, அரைப்போத்தல் எண்ணெய், எல்லாவற்றையும் வாரிக் கொடுத்தார். அலுமாரியையும் தூக்கிக்கொண்டு போ என்றார்.

"ஏன் அண்ணை விக்கிறியள்?"

"கண் சரியில்லையடா. குறி மங்குது."

கிளப்பில் சுட்டுப் பார்த்தான். அம்மாவாணை, அப்படியொரு பிஸ்டல்! ஒரு தடங்கல் இல்லை. கையில் ஒட்டிக்கொண்டு நின்றது. ஐந்து ரவையும் கறுப்பு வட்டத்துக்குள் போனது. சுஜனுக்குச் சந்தோசப் புளுகம் தாங்கவில்லை. அன்றைக்கே சந்தேகமும் தொடங்கியது. இவ்வளவு நல்லதை ஏன் இந்த மனிசன் அவசரப்பட்டுத் தள்ளிவிடுகிறார்?

அடுத்த சனிக்கிழமை தமிழ்க் கடையில் அது முற்றியது. லோரன்ஸ் அண்ணை ஒரு மீன் ரின்னைக் கையில் எடுத்து, எறும்பு மாதிரி ஓடுகிற எழுத்தில் போட்டிருந்த திகதியைக் கண்ணாடி இல்லாமல் வாசித்து, "இது முடிஞ்சு போச்சு, மாத்தித் தா" என்று கடைக்காரப் பெடிச்சியிடம் நீட்டினார். பின்னால் நின்ற சுஜன் எல்லாவற்றையும் பார்த்தான். கண் சரியில்லாத ஆளா இது?

"கஜந்தி, அந்தாள் என்னைப் பேய்க்காட்டுது" என்றான் வீட்டுக்கு வந்து.

கஜந்தி முதியோர் இல்லத்தில் வேலை முடித்துவந்து காலை நீட்டிக்கொண்டிருந்தாள். "உங்களுக்கு உங்கட நிழல் பின்னால வந்தாலும் ஏன் வாறாய் எண்டு கேக்க வேணும். நல்லாத்தானே சுடுது?"

"இப்ப நல்லாத்தான் சுடுது. உள்ளுக்க என்ன வருத்தமோ?"

"அப்ப பேசாமல் இருங்கோ. அவர் எங்களுக்குச் செய்தது கொஞ்சநஞ்சமே? ஒரு இரும்புத்துண்டுக்காக அந்த மனிசனோட முகம் முறிச்சுப் போடாதேங்கோ."

இரண்டு மாதம் பேசாமல்தான் இருந்தான். ஆனால் அந்த அரைப்போத்தல் எண்ணெயைப் பார்க்கப் பார்க்க அவனுக்குப் பிடிக்கவில்லை. மேலே பெயரில்லை, அடியில் என்னவோ மண்டி மாதிரி. மனிசன் எந்தக் காலத்து எண்ணெயை ஊற்றிக் கொடுத்தாரோ! இதைப் பூசி உள்ளுக்குள் அரித்துவிட்டால்? பழைய பேப்பரில் ஊற்றிக் கட்டிக் குப்பைக்குள் போட்டான். பிஸ்டலைக் கழற்றித் துடைத்து, சமையலறையில் இருந்த சுத்தமான தேங்காயெண்ணெயைத் துணியில் தொட்டு உள்ளே எல்லா இடமும் பூசினான். பொருளாதாரத் தடைக் காலத்தில் யாழ்ப்பாணத்தில் சைக்கிளுக்கு, தையல் மெசினுக்கு, பூட்டுக்கு, விளக்குக்கு எல்லாம் அதுதானே எண்ணெய்? ஒரு மெசினும் குறை சொன்னதில்லை. இரும்பு அலுமாரி நின்றது உடுப்புக் காயவைக்கிற மெசின் ஓடுகிற சின்ன அறையில். அங்கே வைத்து இழுத்துப் பார்த்தான். பிஸ்டலின் மேல்துண்டு வழுக்கிக்கொண்டு போய் வந்தது.

மார்கழியில் குளிர் இறுகியது. அவர்களுடைய கிளப்பில் சுடுகிற இடம் மூன்று பக்கமும் திறந்த கொட்டில். சுஜன் நிதானமாய்க் குறி வைத்து முதல் வெடியை வைத்தான். மேல்துண்டு பின்னால் பாய்ந்து, வெடித்த ரவையின் வெறுங்கோதைத் தூக்கி எறிந்து, அடுத்த ரவையை உள்ளே தள்ள வேண்டும். அதுவோ பாதி வழி போய்ச் சோம்பிக்கொண்டு நின்றது. கோது வாயில் நிமிர்ந்தபடி சிக்கிக்கிடந்தது. எடுத்துப் போட்டுத் திரும்பச் சுட்டான். திரும்பவும் அதே கூத்து. பக்கத்தில் நின்ற டெனிஷ்காரர்கள் மரியாதைக்கு வேறு பக்கம் பார்த்தார்கள்.

வீட்டுக்குக் கொண்டுவந்து, மறுநாள் அறையில் வைத்து இழுத்தால் வெண்ணெய் மாதிரி ஓடுகிறது! கிளப்புக்குக் கொண்டுபோனால் இறுகுகிறது. சுஜன் படுக்காமல் யோசித்தான். ஸ்பிரிங். வேறென்ன? அவர் சுட்ட காலத்தில் நல்ல ஸ்பிரிங்கைப் போட்டிருந்திருக்கிறார், கொடுக்கிற அன்று களைத்துப்போனதை மாற்றியிருக்கிறார். அதுதான் அவ்வளவு அவசரம். அதுதான் கண் கதை. பிறகு இரண்டு மாதம் நல்லாய்ச் சுட்டதே என்று ஒரு எண்ணம் இடையில் தலையைக் காட்டியது. சுஜன் அதை உட்கார விடவில்லை.

கிளப்பில் துவக்குகளுக்குப் பொறுப்பான போடில் என்ற வயதான பெண்மணியைத் தனியாய்ப் பிடித்து டெனிஷில் கேட்டான். "லோரன்ஸ் ஏன் இதை விற்றார் என்று உனக்குத் தெரியுமா?"

போடில் எந்தக் கேள்விக்கும் முகத்தைப் பார்த்துப் பதில் சொல்கிற மனுசி. அன்றைக்கு மட்டும் கையில் இருந்த கோப்பியைப் பார்த்தாள். "அதை நீ லோரன்ஸிடம்தான் கேட்க வேண்டும்."

அட, இவளுக்கும் தெரியும்! கிளப் முழுக்கத் தெரியும்போல. எல்லாருமாய்ச் சேர்ந்து ஒரு பழுதைத் தன் தலையில் கட்டிவிட்டு வாயை மூடிக்கொண்டிருக்கிறார்கள்.

தை மாதம், தெரிந்த நவரத்தினம் அண்ணையின் பேத்தி பெரியபிள்ளையானதற்குச் சாமத்திய வீடு. மண்டபம் நிறையச் சனம். லோரன்ஸ் அண்ணை ஒரு மூலைக் கதிரையில், தட்டில் போட்ட சோற்றைக் கிளறியபடி இருந்தார். ஆள் நன்றாய் இளைத்திருந்தார். மனச்சாட்சி குத்துது, சாப்பாடு இறங்கேல்ல என்று சுஜன் கணக்குப் போட்டான். கஜந்தி சேட்டுக் கையைப் பிடித்து இழுத்ததையும் பாராமல் போய் முன்னால் நின்றான்.

"அண்ணை, நல்ல சாமான்தான் தந்திருக்கிறியள்."

"ஏன்ரா, என்ன செய்யுது?"

"உங்களுக்குத் தெரியாதாக்கும். ஸ்பிரிங்கை மாத்திப்போட்டுத்தானே தந்தனீங்கள்? சொந்தச் சகோதரம் மாதிரி நினைச்சன். சுத்துமாத்து விட வேற ஆள் கிடைக்கேல்லையோ?"

பாட்டுக்கும் வீடியோக்காரனின் வெளிச்சத்துக்கும் இடையில் பக்கத்து மேசைகள் அடங்கின. லோரன்ஸ் அண்ணை தட்டைக் கதிரைக்குக் கீழே வைத்துவிட்டு எழும்பி, கோட்டை எடுத்துக்கொண்டு நடந்தார். சாமத்தியப்பட்ட பிள்ளைக்குக் கொண்டுவந்த காசு என்வலப் அவருடைய சேட்டுப் பையிலேயே போனது.

"நல்ல வேலை செய்தியள்" என்றாள் கஜந்தி.

விட்டானா? இல்லை. குற்றம் இல்லாதவன் ஏன் எழும்பிப் போக வேண்டும்? அந்த ஞாயிறு பிஸ்டலைப் பெட்டிக்குள் பூட்டிக் காரில் வைத்துக்கொண்டு, கிளப்புக்குப் போகிற வழியில் லோரன்ஸ் அண்ணையின் வீட்டு மணியை அடித்தான். திருப்பிக் கொடுப்போம், மிச்சக் கடதாசி வேலையைப் பிறகு பார்ப்போம் என்ற எண்ணம். சட்டத்துக்கு அது சரியில்லை என்பது அவனுக்கும் தெரியும். கோபம் வந்தால் சட்டம் எங்கே நினைவு வரும்?

கதவு சங்கிலி நீளத்துக்குத்தான் திறந்தது. உள்ளே வெளிச்சம் இல்லை. லோரன்ஸ் அண்ணை சவரம் செய்யாத முகத்தோடு நின்றார்.

"அண்ணை, உங்கட சாமான் கார்ல கிடக்கு. திருப்பி எடுங்கோ. இனி எனக்கும் உங்களுக்கும் ஒண்டும் இல்லை."

"எங்க கிடக்கு?"

"கார்ல. எடுத்துக்கொண்டு வாறன்."

"கொண்டு வராதை!" மனிசன் போட்ட சத்தத்தில் எதிர்வீட்டு நாய் குரைத்தது. "இந்தப் படி ஏத்தாதை அதை. எடுத்துக்கொண்டு போடா! போ!"

சங்கிலியைப் பிடித்திருந்த அவருடைய கை நடுங்கியது. நெற்றி வியர்த்திருந்தது, தை மாதக் குளிரில். சுஜன் அதைக் கண்ணால் கண்டான். பிழை செய்தவனுக்குத்தானே கை நடுங்கும்? கதவு அறைந்து சாத்துப்பட்டது. சுஜன் படியில் நின்று, இனி அறிகிறதற்கு ஒன்றுமில்லை, எல்லாம் வெளிச்சம் என்று தனக்குள் சொன்னான்.

நேரே கிளப்புக்குப் போய்ப் பெட்டியைப் போடிலின் முன்னால் வைத்தான். "கழற்று. ஸ்பிரிங் மாற்றியிருக்கிறதா இல்லையா, உன் வாயால் சொல்."

போடில் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கழற்றினாள். ஸ்பிரிங்கை வெளிச்சத்தில் பிடித்தாள், புதிய ஸ்பிரிங் ஒன்றின் பக்கத்தில் வைத்து அளந்தாள். "இது நல்ல ஸ்பிரிங். இந்தத் துவக்கோடு வந்ததுதான்." பிறகு மேல்துண்டின் உள்பக்கத்தை விரலால் வழித்தாள். விரலில் வெள்ளையாய், மெழுகு மாதிரி ஒன்று ஒட்டியது. மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோனாள். திரும்பவும் மணந்தாள்.

"சுஜன், ஏன் உன் பிஸ்டல் கேக் மாதிரி மணக்கிறது?"

அவனுக்கு முதலில் விளங்கவில்லை. பிறகு விளங்கியது. கஜந்தி மாரிகாலம் முழுக்கத் தலைக்கு வைக்கிற எண்ணெய்ப் போத்தலை ஹீட்டருக்கு மேல் வைத்து இளக்கித்தான் எடுப்பாள். உறையாத தேங்காயெண்ணெய் டென்மார்க்கில் எங்கே இருக்கிறது? அறைச் சூட்டில் ஓடும், கொட்டில் குளிரில் இறுகும். யாழ்ப்பாணத்துச் சைக்கிளுக்குக் குளிர் பட்டதில்லை, மறந்தே போய்விட்டான் விசரன்!

போடில் எல்லாவற்றையும் கழுவித் துடைத்து, முறையான எண்ணெயை இரண்டு சொட்டு விட்டுக் கொடுத்தாள். அதே குளிரில், அதே கொட்டிலில், மகசின் முழுக்க ஒரு சிக்கல் இல்லாமல் போனது. சுற்றி நின்றவர்கள் கை தட்டினார்கள். சுஜனுக்கு நிலம் பிளந்து உள்ளே போனால் போதும் என்றிருந்தது. மண்டபத்தில் அத்தனை சனத்துக்கு முன்னால் அந்த மனிசனைக் கள்ளன் என்று சொல்லியாயிற்றே.

பிஸ்டலை வீட்டில் கொண்டுபோய்ப் பூட்டினான். கஜந்தியிடம் நடந்ததைச் சொன்னான். அவள் சிரிக்கவில்லை. "இப்பவே போங்கோ. காலில விழவேண்டி வந்தாலும் விழுங்கோ" என்றாள்.

போகிற வழியிலும் அந்த மூளை சும்மா கிடந்ததா என்று கேளுங்கள். எண்ணெய் என் பிழை, சரி. ஸ்பிரிங் நல்லது, சரி. அப்ப ஏன் கண்ணென்று பொய் சொன்னார்? ஏன் போடில் முகத்தைத் திருப்பினாள்? நல்ல பிஸ்டலைத் திருப்பிக் கொடுக்கிறேன் என்றால் ஏன் அந்தச் சத்தம்? மன்னிப்புக் கேட்கப் போகிறவன், பூராயம் ஆராய்ந்துகொண்டே போனான்.

இந்தமுறை கதவு சங்கிலி இல்லாமல் திறந்தது. லோரன்ஸ் அண்ணை அவனுடைய கைகளைத்தான் முதலில் பார்த்தார்.

"ஒண்டும் கொண்டு வரேல்ல அண்ணை. அது வீட்டில பூட்டிக் கிடக்கு."

"அப்ப வா."

குசினி மேசையில் இருத்திப் பிளேன்ரீ போட்டார். சுவரில் மேரிசெலின் அக்கா மாட்டிய மாதாப் படம், பக்கத்துக் கொழுவியில் அக்காவுடைய மாரிக் கோட் இன்னும் தொங்கியது. சுஜன் தேங்காயெண்ணெய்க் கதையை ஒன்று விடாமல் சொன்னான். மண்டபத்தில் தான் சொன்னதற்கு வாய்விட்டு மன்னிப்புக் கேட்டான். லோரன்ஸ் அண்ணை ஒரு தரம் சிரித்தார். தேங்காயெண்ணெய் என்று தனக்குள் சொல்லிப் பார்த்து, திரும்பவும் சிரித்தார்.

"ஆனா அண்ணை, உங்கட கண்ணுக்கு ஒண்டுமில்லை. கடையில பாத்தனான். அப்ப ஏன் வித்தனீங்கள்?"

சிரிப்பு நின்றது. அவர் கோப்பையை மேசையில் சுற்றிக்கொண்டிருந்தார்.

"நீ விடமாட்டாய், என்ன?"

"சொல்லுங்கோ அண்ணை."

"மேரி போன பிறகு அந்த அலுமாரிக்கு முன்னால போய்ப் போய் நிண்டனடா. துடைக்கிறதுக்கு எண்டு திறப்பன். துடைக்க ஒண்டும் இருக்காது. சும்மா பாத்துக்கொண்டு நிப்பன். பிறகு பாக்கிறதோட நிக்காது போல கிடந்துது." அவர் மூச்சை இழுத்து விட்டார். "டொக்டரிட்டப் போய்ச் சொன்னன். அந்த டொக்டர்ப் பிள்ளை முதல் வேலையா அதை வீட்டை விட்டு வெளியேத்து எண்டுது. கிளப் தலைவருக்கும் போடிலுக்கும் சொன்னன். எல்லாம் டெனிஷில சொன்னன், சுஜன். தமிழில எனக்கு அதைச் சொல்ல வாய் வரேல்ல. சொன்னால் அடுத்த கிழமை ரண்டர்ஸில இருக்கிற தமிழ்ச்சனம் வரைக்கும் போயிடும். அதுதான் கண்ணெண்டு சொன்னன். இண்டைக்குத்தான் முதல்முதல் தமிழில சொல்லுறன்."

சுஜன் கையிலிருந்த கோப்பையை மேசையில் வைத்தான்.

"நீ என்னைச் சந்தேகப்பட்டாய் எண்டு எனக்குக் கோவமில்லை. நானும் என்னைச் சந்தேகப்பட்டுத்தான் அதை வித்தனான். ஆனா இண்டைக்குக் காலமை நீ வந்து மணி அடிச்சாய் பார், கார்ல கிடக்கு, எடுத்துக்கொண்டு வாறன் எண்டாய்..." அவர் தன் வலது கையைப் பார்த்தார். "சங்கிலியைக் கழட்டப் போனது இந்தக் கை. அதைப் பிடிச்சுக்கொண்டுதான் உன்னை ஏசினனான்."

சுஜன் அழுதான். நாற்பத்தைந்து வயது மனிசன், குசினி மேசையில் தலையை வைத்து விம்மினான். தான் இவ்வளவு நாளும் கள்ளம் தேடிய முகம், இளைத்துப்போன அந்த முகம், நடுங்கிய அந்தக் கை, எல்லாம் கண்ணுக்கு முன்னால்தானே இருந்தது. ஒன்றையும் பார்க்காமல் விட்டதில்லை. பார்த்ததெல்லாம் பிழையாய்ப் பார்த்தான்.

கொஞ்சநேரத்தால் முகத்தைத் துடைத்துக்கொண்டான். இனி உங்களில் எனக்கு ஒரு சந்தேகமும் இல்லை என்று எப்படியாவது அவருக்குக் காட்டவேண்டும் என்ற அவசரத்தில் வாய் முந்தியது. "அண்ணை, நான் அதை நல்லாப் பூட்டித்தான் வச்சிருக்கிறன். திறப்பு எங்க கிடக்குதெண்டால்..."

"எனக்குச் சொல்லாதை, தம்பி."

வெளியே யாரோ காரை ஸ்ராட் பண்ணினார்கள். சுஜன் இதுவரை யாரிடமும் கேட்டுப் பழகாத ஒரு கேள்வியைக் கேட்டான், பதிலில் ஒன்றையும் தேடாமல்.

"இப்ப எப்பிடி அண்ணை இருக்கு?"

லோரன்ஸ் அண்ணை யோசித்துத்தான் சொன்னார்.

"காலமை இருந்ததுக்கு இப்ப பரவாயில்லை. நீ கொஞ்சம் இருந்திட்டுப் போ."

சுஜன் ஜக்கெட்டைக் கழற்றினான்.